பின்வாசலில் ஒரு டவுன் பஸ்

உலகத்தில் எத்தனையோ டிரைவர்கள் ரிட்டயர் ஆகியிருப்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளைவில் திரும்பத் தெரிந்தவர் எங்கள் தெரு டிரைவர் அண்ணாச்சி ஒருவர்தான்.

நம்பாதவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். டிவியில் ஒரு காரை இன்னொரு கார் துரத்தினால், கார் இடது பக்கம் திரும்பும்போது அண்ணாச்சியின் தோளும் இடது பக்கம் சாயும். ஆபத்தான இடம் வந்தால் வலது கால் தரையை அழுத்தும். கார் போய் மரத்தில் மோதிவிட்டால் கதாநாயகன் பிழைத்தானா என்று பார்க்க மாட்டார். "ரோட்டப் பாத்துல்லா ஓட்டணும்? அந்தப் பிள்ளையப் பாத்துக்கிட்டே ஓட்டுதான், பெறகு மரத்துல ஏறாம எங்கன போவும்?" என்று எழுந்து போய்விடுவார். எழுந்திருப்பதற்கு முன்னால் வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வார். வீட்டில் அவரையும் அவர் மனைவியையும் தவிர ஆள் கிடையாது. இருந்தாலும் பார்ப்பார்.

சீவலப்பேரி டவுன் பஸ்ஸை வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். வாழைத்தார், நாற்றுக்கட்டு, கோழிக்கூடை, கல்யாண வீட்டுச் சீர் எல்லாவற்றையும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ரிட்டயர் ஆன அன்று டிப்போக்காரர்கள் மாலை போட்டு வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பஸ்ஸைத்தான் அவருக்குள்ளிருந்து இறக்க மறந்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் வந்து உட்காருகிறவரை கை நனைக்க மாட்டார். தெருமுனையில் நடந்து திரும்பும்போது வலது கையை நீட்டிச் சைகை காட்டுவார். சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டார். பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர்கள் சௌகரியமாக இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் எவருக்கும் தெரியாது. நான் பக்கத்து வீடு. வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னை அவர் 'பேப்பர்க்காரரே' என்பார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி இருந்தால் தெரு கலகலவென்று இருக்கும். கீரைக்காரியிடம் பேரம் பேச ஆரம்பித்து, கீரைக்காரியின் மகள் கல்யாணம்வரை பேசி முடித்துத்தான் கட்டை வாங்குவாள்.

அந்த மதினிக்கு ஒரு வைகாசி மாதம் காலில் சுட்டுவிட்டது. என் மனைவி உறைமோர் வாங்கப் போயிருந்தாள். அண்ணாச்சி வீட்டு அடுக்களை ஒரு முடுக்கு மாதிரி, குறுகலான சந்து. கடைசியில் சுவரைப் பார்த்து அடுப்பு. நின்று சமைக்கிறவருக்கு வாசல் முதுகுப் பக்கம். என் மனைவி வாசலில் நின்று "மதினி, மதினி" என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டிருக்கிறாள். மதினி தூக்கிவாரிப்போட்டுத் திரும்ப, கையிலிருந்த கொதிக்கிற பருப்பு காலில் கொட்டிவிட்டது.

பெரிய காயமில்லை. மருந்து போட்டு ஆறிவிட்டது. "நான்தான் கவனிக்கல தாயி, மிக்சி ஓடிச்சுல்லா" என்று மதினி என் மனைவியைச் சமாதானப்படுத்தி உறைமோரும் கொடுத்து அனுப்பினாள். என் மனைவி வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதாள். "மிக்சி ஒண்ணும் ஓடலியே" என்றும் சொன்னாள். அழுகிற நேரத்தில் சொன்னது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கால் ஆறிய வாரத்திலேயே அண்ணாச்சி என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வே பேப்பர்க்காரரே, பொறவாசல்ல ஒரு அடுக்களை கட்டலாம்னு இருக்கேன்."

"உள்ள இருக்கிறதுக்கு என்ன அண்ணாச்சி?"

"உள்ள இருக்கது வண்டியா வே அது? டிரைவருக்கு முன்னாலயும் தெரியல, பின்னாலயும் தெரியல. அந்த வண்டிய ரோட்டுல விட்டதே தப்பு."

வெக்கை, மீன் வாடை, புகை என்று தெருவில் அவரவர் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மதினி மட்டும், "ரிட்டயர் ஆன பணம் உள்ளங்கையில ஊறுது, வேற என்ன" என்றாள். ஆனாலும் காற்றாடச் சமைக்கலாம் என்பதில் அவளுக்கும் ஆசை இருந்தது. முருங்கை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நல்ல இடம் கிடந்தது.

மற்றவர்கள் கட்டடத்துக்குத் திட்டம் போட்டால் டேப் வைத்து அளப்பார்கள். அண்ணாச்சி மதினியை வைத்து அளந்தார். ஒரு பழைய பெஞ்சைக் கொண்டுவந்து போட்டு, "இதுதான் அடுப்பு மேடை. நீ இங்கன நின்னு சமை" என்றார்.

"என்னத்தச் சமைக்க? வெறும் பெஞ்சில்லா இருக்கு?"

"சும்மா கிண்டு. வெண்டைக்காய்ன்னு நெனச்சிக்கோ."

மதினி வெட்கத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெறும் கையால் வெறும் காற்றில் வெண்டைக்காய் வதக்கினாள். அண்ணாச்சி வீட்டின் பின்கதவு வழியாக ஒரு தடவை வந்தார். "இப்பத் தெரியுதேனா?" என்றார். கிணற்றடியிலிருந்து வந்து, "இப்பத் தெரியுதேனா?" என்றார். வீட்டுக்கு வடக்கே ஒரு முடுக்கு உண்டு. பாத்திரம் இரவல் வாங்க, ஊர்க்கதை பேச, தெருப் பெண்கள் எல்லாம் அந்த முடுக்கு வழியாகத்தான் பின்வாசலுக்கு வருவார்கள். அந்த முடுக்கு வழியாக மட்டும் மறுபடி மறுபடி வந்து, "இப்ப? இப்பத் தெரியுதேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெஞ்சைத் தள்ளிப் போட்டார். திருப்பிப் போட்டார். மதினியும் பெஞ்சோடு சேர்ந்து சுற்றினாள்.

"போதும்ங்க. வெண்டைக்கா கருகிட்டு" என்று கடைசியில் மதினி கரண்டி பிடித்த கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். கரண்டியே கிடையாது என்பது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சீவலப்பேரியிலிருந்து கொத்தனார் ஒருவர் வந்தார். அண்ணாச்சியின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய் வந்தவர். அந்தப் பாசத்தில் ஒப்புக்கொண்டார். பாவம், பஸ்ஸுக்குள் இருந்த அண்ணாச்சியைத்தான் அவருக்குத் தெரியும். அண்ணாச்சிக்குள் இருந்த பஸ்ஸைத் தெரியாது.

முதலில் மேடையை மேற்குப் பார்த்துக் கட்டச் சொன்னார் அண்ணாச்சி. வீடு மேற்கே இருக்கிறது. அப்படி நின்றால் பின்கதவிலிருந்து வருகிறவரும் முடுக்கிலிருந்து வருகிறவரும் நேர் எதிரே தெரிவார்கள். கொத்தனார் தயங்கினார். "அண்ணாச்சி, அடுப்பு கெழக்கப் பாத்துல்லா இருக்கணும்?" என்று கேட்டார். "டிரைவர் நான் சொல்லுதேன், நீரு கட்டும்" என்றார் அண்ணாச்சி. கொத்தனார் கட்டி, மேலே கல்லும் பதித்துவிட்டார்.

மதினி அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இதுல யார் சமைக்கப் போறா?" என்றாள்.

"நீதான்."

"மேக்கப் பாத்து நின்னு நான் ஒரு சொட்டு வெந்நி போட மாட்டேன். எங்க வீட்டுலயும் சரி, ஒங்க வீட்டுலயும் சரி, எந்தப் பொம்பளையாவது மேக்கப் பாத்துப் பொங்கியிருக்காளா? கெழக்கப் பாத்துக் கட்டுனா வாரேன். இல்லைன்னா நீங்களே நின்னு வெண்டைக்கா வதக்குங்க."

அண்ணாச்சி முடுக்கை ஒரு தடவை பார்த்தார், மேடையை ஒரு தடவை பார்த்தார். கொத்தனாரைப் பார்த்து, "இடிச்சிரும் வே" என்றார்.

கொத்தனார் கரணையைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து நியாயம் கேட்டார். "சார், கட்டச் சொன்னாவ, கட்டுனேன். காயக்கூட இல்ல, இடிக்கச் சொல்லுதாவ. நான் கொத்தனாரா, இல்ல பைத்தியக்காரனா?"

"ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நாளைக்கு இருங்க" என்றேன்.

மேடை கிழக்குப் பார்த்து எழும்பியது. இப்போது எதிரே காம்பவுண்டுச் சுவர். முதுகுப் பக்கம் வீடு, இடது முதுகுப் பக்கம் முடுக்கு. மேடை முடிந்த அன்று அண்ணாச்சி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பழைய பஸ்களை உடைத்து விற்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் பஸ்ஸின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும், டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற நீளக் கண்ணாடியும், மஞ்சள் இண்டிகேட்டர் விளக்கு ஒன்றும், வைப்பர் ஒன்றும், இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடி முழுசாகவும் இருந்தன.

ஆனி ஆடி மாதத்தில் எங்கள் ஊர் மேல்காற்று எப்படி என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மலையிலிருந்து இறங்கி நேரே நம் வேட்டியைத்தான் பிடிக்கும். அந்தக் காற்று முடுக்கு வழியாகச் சீறிக்கொண்டு வந்து அடுப்பை அணைக்கும் என்பதால், அந்தப் பக்கம் செங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் எடுப்பதாகக் கொத்தனார் சொல்லியிருந்தார். அண்ணாச்சி கேட்கவில்லை. "சுவரு வேண்டாம். கண்ணாடி வைப்போம். காத்தும் வராது, ஆளும் தெரியும்."

கண்ணாடியை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது ஒரு காற்று வந்தது பாருங்கள். கண்ணாடியைக் கொத்தனார் பிடித்திருந்தாரா, கொத்தனாரைக் கண்ணாடி பிடித்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. பாய்மரம் கட்டிய தோணி மாதிரி இரண்டும் தெருவில் கிழக்கே புறப்பட்டுவிட்டன. அண்ணாச்சி முன்னால் ஓடி, இரண்டு கையையும் விரித்து, "ஹோல்டான்! ஹோல்டான்! பைய... பைய ஒடிச்சுத் திருப்பும்! லெப்ட்டுல திருப்பும் வே!" என்று வழிகாட்ட, நானும் எதிர்வீட்டுக்காரரும் பின்னாலிருந்து கொத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பிரேக்காக வேலை செய்தோம். கண்ணாடி பிழைத்தது. கொத்தனார் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, வீடு கட்டச் சொன்னா கட்டுதேன். எனக்குப் பஸ்ஸு கட்டத் தெரியாது" என்று கும்பிட்டார்.

"தெரியலைன்னா கத்துக்கிடும். இந்த வைப்பர எங்கன மாட்ட?"

"வைப்பர் எதுக்கு?"

"மழை பெஞ்சா கண்ணாடில வழி தெரியாதுல்லா?"

"மழை பெஞ்சா மதினி உள்ள போயிச் சமைக்க வேண்டியதுதான?"

"மழைக்கெல்லாம் டிரிப்பு கட் பண்ணச் சொல்லுதீரா? நான் ஓட்டுன காலத்துல ஒரு நாள் கட் பண்ணியிருக்கேனா?" என்றார் அண்ணாச்சி. வைப்பர் மாட்டப்பட்டது. இண்டிகேட்டர் விளக்கை வீட்டு வாசல் மணியோடு அவரே இணைத்தார். வாசலில் யாராவது மணி அடித்தால் பின்வாசலில் மேடைக்கு மேலே மஞ்சள் விளக்கு சிமிட்டும். மேடைக்கு இரண்டு பக்கமும் பஸ் கண்ணாடிகள், நடுவில் தலைக்கு மேலே நீளக் கண்ணாடி. மேலே தகரக் கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் முருங்கை மரத்தடியில் ஒரு டவுன் பஸ் ஆளுக்காகக் காத்துக்கிடப்பது போலவே இருந்தது.

தெரு சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, வரிசையில் வந்து நின்று சிரித்தது. "என்ன அண்ணாச்சி, மதினிக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "சாம்பார் எத்தன மணிக்கு எடுக்கும்?" என்றார் இன்னொருவர். "ஸ்டாண்டிங்கா, சீட்டு உண்டா?" என்று முடுக்கில் நின்று ஒரு குரல் கேட்டது. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். "சில்லறை கொண்டாரும், ஏத்திக்கிடுதேன்."

மதினியால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கீரைக்காரிகூட, "பஸ்ஸுக்காரம்மா, கீரை வேணுமா?" என்று கேட்டுவிட்டாளாம். அன்றைக்கு மதினி பேரம் பேசவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "அந்தக் கண்ணாடிய எல்லாம் கழட்டுற வரைக்கும் நான் பொறவாசல் படி எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மதினி சொன்னால் கட்டின மேடையைக்கூட இடித்துவிடுகிற மனிதர், இதற்கு மட்டும் "கழட்ட முடியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்டதில்லை. மதினி பேச்சை நிறுத்திவிட்டாள். மதினி பேச்சை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்கு அதற்கு முன்னால் தெரியாது. சைக்கிள் போகிற சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது.

அவள்தான் என்னைத் தூது அனுப்பினாள். "தம்பி, நீங்க சொன்னாக் கேப்பாவ. நாலு பேரு என்னப் பாத்துச் சிரிக்கணும்னா இவிய இதச் செய்யுதாவ?" சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் இது வேடிக்கையில்லை என்று உறைத்தது.

மத்தியானம் போனேன். அண்ணாச்சி தனியாக ஒரு துணியால் அந்த இடது பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மதினிக்குப் பிடிக்கலைன்னா கழட்டிரலாம்லா? அவங்க அழுதாங்க."

துடைப்பதை நிறுத்தவில்லை. வீட்டின் பின்கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, அவருக்கு அப்படி ஒரு தணிந்த குரல் உண்டு என்பதே எனக்குத் தெரியாது, அந்தக் குரலில் சொன்னார்.

"அவளுக்கு எடது காது கேக்கல வே. கொஞ்ச காலமாவே கேக்கல. வலது காதும் பாதிதான்."

நானும் திரும்பிப் பின்கதவைப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. மறைக்கா. நாம பேசும்போது வாயைப் பாத்துப் பாத்துப் பதில் சொல்லுதா. பின்னால நின்னு கூப்பிட்டாத்தான் மாட்டிக்கிடுதா. அன்னைக்கு ஒம்ம வீட்டுக்காரி கூப்பிட்டது அவளுக்குக் கேக்கவே இல்ல."

"டாக்டர்ட்டக் காட்டலாமே அண்ணாச்சி. மிசின் இருக்கே இப்பல்லாம்."

"காட்டலாம். நான் போயி, ஒனக்குக் காது கேக்கலைன்னு சொல்லணும்லா மொதல்ல?" துணியை மடித்துத் தோளில் போட்டார். "அவ அம்மைக்கும் இப்படித்தான் காது போச்சு. பெறகு அந்த அம்மா பேரே போயிட்டு. செவிடு, செவிடுன்னுதான் கூப்பிடுவானுவ, பெத்த பிள்ளையளும் சேந்து. அந்த அம்மா கடைசில பேச்சையே விட்டுட்டு. அதப் பாத்து வளந்தவ இவ. இவளும் அப்படிப் பேச்ச விட்டுட்டான்னா நான் என்ன வே செய்வேன்? இந்த வீட்ல இருக்கதே அவ பேச்சுதான்."

காற்று அடித்தது. பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முருங்கைப்பூ உதிர்ந்து பறந்தது. எங்கள் மேல் ஒரு பூவும் விழவில்லை.

"அவளா ஒரு நாள் சொல்லுவா. அதுவரைக்கும் பின்னால யார் வாரான்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். பஸ்ஸுல எனக்குப் பின்னால அம்புட்டு ஜனம், அம்புட்டு சத்தம். எவன் கூப்பிட்டாலும் எஞ்சின் சத்தத்துல கேக்காது. கண்ணாடி இருந்துச்சு, பாத்துக்கிட்டேன். அவளுக்கும் அது போதும்."

"தெருவே உங்களப் பாத்துச் சிரிக்குதே அண்ணாச்சி."

"என்னப் பாத்துத்தான சிரிக்கானுவ? சிரிக்கட்டும். டிரைவருக்குக் கிறுக்குன்னு சொல்லிட்டுப் போவட்டும். ஏச்சு வாங்குறது எனக்குப் பழகின தொழில்."

சுற்றிப் பார்த்தேன். செங்கல் வேண்டாம் என்ற கண்ணாடி, மழையில் வழி தெரிய வைப்பர், வாசல் மணிக்குச் சிமிட்டுகிற விளக்கு. வெறும் பெஞ்சின் முன்னால் மதினியை நிறுத்திக்கொண்டு, 'தெரியுதேனா' என்றுதான் கேட்டார். ஒரு தடவைகூட 'கேக்குதா' என்று கேட்கவில்லை.

மதினியிடம் போய் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "அவிய கேக்க மாட்டேங்காவ மதினி. டிப்போ ரூலாம்" என்றேன். "ஒரு மாசம் சமைச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா நானே ஏணி போட்டுக் கழட்டித் தாரேன்."

"நீங்களும் அவிய கட்சிதானா?" என்றாள். ஆனாலும் என் வாய் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராக நின்று, மறுபடி ஒரு தடவை சொன்னேன். யோசித்துவிட்டு, "ஒரு மாசந்தான்" என்றாள்.

ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். தெருவே திரண்டு வந்தது; பாதிப் பேர் பாலுக்கு, பாதிப் பேர் பஸ்ஸுக்கு. மதினி தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட பயணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிழக்குப் பார்த்து நின்றாள். கண்ணாடி ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பால் பொங்கியது. பிறகு வடைக்கு எண்ணெய் வைத்தாள்.

அப்போது என் மனைவி தட்டோடு முடுக்கு வழியாக வந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மதினியின் பின்னால் போக அவளுக்குப் பயம். தூரத்திலேயே தயங்கி நின்றாள். கூப்பிடவும் இல்லை.

"வா தாயி. ஏன் அங்கனயே நிக்க? தட்டுல பழம் இருக்கு, பூ இருக்கு, வெத்தலையக் காணோமே?" என்றாள் மதினி. திரும்பவில்லை. கை வடை தட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மதினிக்கே ஆச்சரியம்தான். தலையைத் தூக்கி இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். நடுக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பின்வாசல் முழுவதும், வந்திருந்த முகம் அத்தனையும், கிணறும் வானமும் சேர்ந்து தெரிந்தன. அவளுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து வடைத் தட்டில் கை வைத்துக்கொண்டிருந்த கொத்தனாரும் தெரிந்தார்.

"கொத்தனாரே, சூடா இருக்கு. பைய எடும்" என்றாள்.

கொத்தனார் வடையைப் போட்டுவிட்டார். பின்வாசலே அதிர்ந்து சிரித்தது. எல்லோரையும்விட மதினி சத்தமாகச் சிரித்தாள். பல நாளாகக் கேட்காத சிரிப்பு. அண்ணாச்சி கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றவர், யாரையும் பார்க்காமல் மெதுவாக, "ரைட்டு" என்றார்.

அதன் பிறகு அந்த அடுக்களையிலிருந்து மதினியைக் கிளப்ப முடியவில்லை. முடுக்கில் யார் கால் வைத்தாலும் அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "மதினிக்கு முதுகிலயும் கண்ணு" என்று பெயர் பரவி, முருங்கைக்காய் திருட்டு அடியோடு நின்றது. ஐப்பசி மழையில் வைப்பரைப் போட்டுக்கொண்டு அவள் ரசம் வைத்ததைப் பார்க்க, குடையோடு ஒரு கூட்டம் முடுக்கில் நின்றது. கீரைக்காரி, "எங்கம்மா, எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கித் தாங்களேன்" என்று கேட்டாள். பேரம் பழையபடி கல்யாணப் பேச்சுவரை போனது.

ஒரு நாள் நான் காபிக்குப் போயிருந்தபோது மதினி அடுப்பைப் பார்த்தபடியே அண்ணாச்சியிடம் சொன்னாள்: "இந்தா பாருங்க, அந்த எடது பக்கக் கண்ணாடிய இன்னுங் கொஞ்சம் உள்ள திருப்புங்க. அந்தப் பக்கந்தான் எனக்குக் கொஞ்சம்..."

அங்கே நிறுத்திவிட்டாள். அண்ணாச்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியைத் திருப்பினார். "இப்பச் சரியா இருக்கா?"

"ம்."

"அப்ப நாளைக்குக் காலைல ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு டாக்டரப் பாத்துட்டு வருவமா?"

"வருவம்" என்றாள் மதினி. நான் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இப்போது காதுக்கு மிசின் இருக்கிறது. சீரியல் பார்க்கும்போது மட்டும் மாட்டுவாள். சமைக்கும்போது வேண்டாமாம். "மிக்சி சத்தமும் இவிய சத்தமும் சேந்து தாங்கல தம்பி" என்கிறாள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எங்க பேரு போடாம எழுதுங்க. இன்னும் எத்தனை வீட்ல எத்தனை பேரு மறைச்சிக்கிட்டு நிக்காவளோ" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சமைக்கிற நேரத்தில் அந்த நடுக் கண்ணாடியில் அவள் பொட்டு வைத்துக்கொள்வதை மட்டும் எழுதக் கூடாது. எழுதவில்லை.

போன மாதம் இரண்டு பேரும் மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வருகிற அன்று அதிகாலையில் எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணாச்சி முதலில் இறங்கினார். "என்ன வண்டி வே இது? ஸ்டீரிங்கே கெடையாதாம்!" என்று என்னிடம் முறையிட்டார். மதினி இறங்கியதும் பையை எடுத்துக்கொண்டு அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றார். அவள் சென்னையில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கூட்டம் நெரித்தது. எனக்கும் அவளிடம் தெருச் சேதி நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. நானும் ஓர் எட்டுச் சுற்றிப் போய், மதினிக்கு வலது பக்கமாகவே சேர்ந்து நடந்தேன்.